பள்ளி வயதில் சம்பளம் வாங்கினால் காலேஜ் கூடைப்பந்துக் கதவு மூடுமா?

பின்வரிசை_ரசிகன் கேட்டது:

2020இல் என்.பி.ஏ.வின் துணை லீக்கான ஜி லீக்கில் இளம் வீரர்களுக்கென வந்த இக்னைட் அணி, ஜேலன் கிரீன் என்ற பள்ளி நட்சத்திரத்தை காலேஜ் பக்கமே போகவிடாமல் தூக்கிக்கொண்டது. அடுத்த வருஷம் அட்லாண்டாவில் ஓவர்டைம் எலீட் என்ற தனியார் லீக் தொடங்கி, 16 வயதுப் பையனுக்கே வருஷத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் என்றது. டியூக், கென்டக்கி போன்ற பெரிய கூடைப்பந்துக் காலேஜ்கள் எல்லாம் இனி அவ்வளவுதான் என்று அப்போது எழுதாத ஆள் இல்லை.

இன்று பார்த்தால் இக்னைட்டை 2024இல் இழுத்து மூடிவிட்டார்கள். ஓவர்டைம் எலீட்டில் ஆடிய ராப் டில்லிங்ஹாம் கென்டக்கிக்குப் போய் ஒரு சீசன் ஆடிவிட்டுத்தான் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 8ஆவதாகப் போனார். அதே லீக்கில் ஆடிய ப்யூலி இரட்டையருக்கு மட்டும், காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அனுமதி மறுத்துவிட்டது.

ஒரே லீக், ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குச் சுவர். ஏன்? இந்தப் பணமெல்லாம் வந்தபிறகு காலேஜ் கோச்சுகள் பள்ளிப் பையன்களை எடுக்கும் விதம் உண்மையில் எப்படி மாறியிருக்கிறது? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். "காலம் மாறிப்போச்சு" ரகப் பதில்கள் வேண்டாம்.

விதிப்புத்தகம் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில் எளிது. எவ்வளவு வாங்கினார்கள் என்பதில் இல்லை விஷயம், எந்தத் தலைப்பில் வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

ஓவர்டைம் எலீட் தொடங்கியபோது சம்பளம் என்ற ஒரே வழிதான். கையெழுத்துப் போட்டால் காலேஜில் ஆட முடியாது என்பதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் என்.பி.ஏ. கனவு பலிக்காத பையனுக்குக் காலேஜ் படிப்புச் செலவுக்கென இன்னொரு 1,00,000 டாலர் தருவதாகவும் சேர்த்துச் சொன்னார்கள். ஆமென் தாம்ப்சன், ஆசார் தாம்ப்சன் இருவருக்கும் அது பிரமாதமாகப் பலித்தது: 2023 டிராஃப்ட்டில் 4ஆவது, 5ஆவது இடம்.

2022இல் இரண்டாவது வழியைத் திறந்தார்கள். அதில் சம்பளம் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும். பயிற்சி, தங்குமிடம், படிப்பு எல்லாம் லீக் செலவு. பையன் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம், அதாவது என்.ஐ.எல். டில்லிங்ஹாம் போனது இந்த வழியில். என்.சி.ஏ.ஏ. பார்வையில் அவர் விளையாட்டுக்கு நேரடிக் கூலி வாங்கவில்லை.

மேட் ப்யூலி, ரயன் ப்யூலி இருவரும் 2021இலேயே சம்பள ஒப்பந்தம் போட்டவர்கள். பிறகு சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். பயிற்சிக்கும் தங்குவதற்கும் உண்மையில் தேவைப்படும் செலவைத் தாண்டிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்று என்.சி.ஏ.ஏ. 2023இல் தகுதி மறுத்தது. அந்தப் பணம் என்.ஐ.எல். வருமானம்தான் என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். ஆட அனுமதிக்கும் இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை.

இதில் கசப்பான பகுதி இனிமேல்தான். 2025 செப்டம்பரில், இக்னைட்டில் ஆடிய தியரி டார்லான் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்டோபரில், அதே இக்னைட்டில் ஆடிய லண்டன் ஜான்சன் லூயிவில் போவதாக அறிவித்தார். டிசம்பரில் ஜேம்ஸ் நாஜி பேலருக்கு வந்தார். அவர் 2023 என்.பி.ஏ. டிராஃப்ட்டில் 31ஆவதாக எடுக்கப்பட்டவர், ஐரோப்பாவில் வருஷக்கணக்கில் சம்பளத்துக்கு ஆடியவர். அதன்பிறகுதான் என்.சி.ஏ.ஏ. ஒரு கோடு போட்டது: என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அனுமதி இல்லை, டூ-வே ஒப்பந்தமும் (என்.பி.ஏ., ஜி லீக் இரண்டிலும் ஆடுவதற்கானது) அதில் சேர்த்தி. ப்யூலி சகோதரர்கள் இரண்டு வருஷம் முன்னால் பிறந்துவிட்டார்கள், வேறென்ன சொல்ல. நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பயந்து விதி நகர்கிறது. அதனால் இன்றைய நிலையை வைத்து 15 வயதுப் பையனின் மூன்று வருஷத்தைத் திட்டமிடுவது ஆபத்து. சந்தேகம் இருந்தால் சம்பளம் என்ற சொல் இல்லாத ஒப்பந்தமே பாதுகாப்பு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இக்னைட் ஏன் செத்தது என்பதற்குப் பணக்கணக்குப் போதும். என்.பி.ஏ.வும் வீரர் சங்கமும் போட்ட 2005 கூட்டு ஒப்பந்தத்திலிருந்து, டிராஃப்ட்டுக்கு வர, அந்தக் காலண்டர் வருஷத்தில் 19 வயது நிரம்ப வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு சீசனும் கழிய வேண்டும். அந்த ஒரு வருஷத்தை யார் வாங்குவது என்பதுதான் மொத்தப் போட்டியும். 2020இல் காலேஜ் தந்தது ஸ்காலர்ஷிப், சாப்பாடு, ரூம். இக்னைட் கிரீனுக்குத் தந்ததாகச் செய்திகளில் வந்தது 5,00,000 டாலர். வருவதாகச் சொன்ன பையனே கைவிட்டுப் போனான்: யூ.சி.எல்.ஏ.வுக்குக் கையெழுத்திட்ட டேஷன் நிக்ஸ், மிச்சிகனுக்கு வாக்குக் கொடுத்திருந்த ஐசாயா டாட் இருவரும் அந்த வசந்தத்திலேயே இக்னைட்டுக்குத் தாவினார்கள். ஏப்ரல் கடைசியில் அந்த இடத்துக்குக் கோச் யாரைத் தேடுவார்?

2021 ஜூன் 21: காலேஜ் வீரர்களுக்கான படிப்புச் சலுகைகளுக்கு வரம்பு வைத்ததை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு. ஜூலை 1 முதல் என்.ஐ.எல். அனுமதி. 2025 ஜூன் 6: பழைய வீரர்கள் இழப்பீடு கேட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல். 2025 ஜூலை 1 முதல் காலேஜே வீரருக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு மொத்தம் சுமார் 2.05 கோடி டாலர் வரை.

அந்த 2.05 கோடியும் கூடைப்பந்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வீரர்களுக்கான இழப்பீட்டைப் பிரித்த விகிதத்தையே பல பெரிய காலேஜ்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டன: அமெரிக்கக் கால்பந்துக்கு 75%, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15%. அப்படிப் பார்த்தால் சுமார் 30 லட்சம் டாலர், அணியில் 15 பேர். சராசரி 2 லட்சம். ஆனால் சராசரியில் யாரும் வாழ்வதில்லை. முதல் ஐந்து பேர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்கள், கடைசி ஐவருக்குப் படிப்புச் செலவோடு சரி. பெரிய கால்பந்து அணி இல்லாத பிக் ஈஸ்ட் குழுவின் காலேஜ்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு, கூடைப்பந்துக்கு இன்னும் தாராளமாக ஒதுக்கலாம். இதற்கு மேல் வெளி நிறுவனங்களின் என்.ஐ.எல். தனி. பி.ஒய்.யூ. காலேஜுக்கு ஏ.ஜே. டிபான்ட்ஸா என்ற பள்ளி நட்சத்திரம் வந்தபோது செய்திகளில் அடிபட்ட தொகை 70 லட்சம் டாலர் வரை. எந்த மைனர் லீக் இதோடு மோதும்? 2023-24இல் ஜி லீக்கின் சாதாரணச் சம்பளம் ஒரு சீசனுக்கு 40,500 டாலர்.

இதன் விளைவை டிராஃப்ட் பட்டியலிலும் பார்க்கலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 2021இல் 350க்கு மேல், 2025இல் 106. முதல் சுற்றில் போவது உறுதியில்லாத ஆள் காலேஜிலேயே இருந்துவிடுகிறார்.

மூன்றாம்_நட்சத்திரம் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் உச்சியில் இருக்கும் இருபது முப்பது பேரின் கதைங்க. ரெக்ரூட்டிங்கில் நிஜமா அடி வாங்கினது நடுவில் இருக்கிறவன், அதாவது ரெக்ரூட்டிங் தளங்கள் அஞ்சுக்கு மூணு ஸ்டார் போடுற பையன்.

கோச் பக்கம் இருந்து பாருங்க. அணியில் 15 இடம். கையில் 30 லட்சம். ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் இருக்காங்க: 18 வயசுப் பள்ளிப் பையன், சின்ன காலேஜில் மூணு வருஷம் ஆடி ஆட்டத்துக்கு 15 புள்ளி அடிச்ச 22 வயசுக்காரர். தோற்றால் கோச் வேலை போகும். யாரை எடுப்பார்? 2024 ஏப்ரல் முதல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை தடவை வேணும்னாலும் காலேஜ் மாறலாம், உடனே ஆடலாம். அதனால் பள்ளிப் பையனை எடுத்து ரெண்டு வருஷம் தேற்றினாலும், தேறின உடனே வேற காலேஜ் கூடுதல் பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடும். வளர்க்கிற செலவு ஒருத்தருக்கு, பலன் இன்னொருத்தருக்கு. கோச்சுகள் முட்டாள் இல்லை.

நாட்காட்டியும் மாறிடுச்சு. முன்னாடி நவம்பர் கையெழுத்து காலத்திலேயே முக்கால்வாசி இடம் நிரம்பும். இப்ப நிறைய கோச்சுகள் நவம்பரில் ரெண்டு மூணு பள்ளிப் பையன்களோடு நிறுத்திட்டு, மீதி இடத்தையும் பணத்தையும் ஏப்ரல் டிரான்ஸ்ஃபர் சந்தைக்கு வெச்சுக்கிறாங்க. நவம்பரில் "உனக்கு இடம் இருக்கு, பொறு" என்று சொன்ன கோச், ஏப்ரலில் போனை எடுக்கலைன்னா ஆச்சரியப்படாதீங்க. வாய்வார்த்தையை நம்பாம, எழுத்தில் என்ன இருக்குன்னு கேளுங்க. 2025 ஆகஸ்ட் 1 முதல் 12ஆம் வகுப்புப் பையனுக்கு வருவாய்ப் பங்கு (காலேஜே நேரடியா தர்ற பணம்) ஆஃபரை எழுத்தில் கொடுக்கலாம். "நல்லா பார்த்துக்கிறோம்" என்று மட்டும் சொல்லி எழுத்தில் தராத இடத்தில் உங்க பையன் மூணாவது சாய்ஸ்.

மூணு ஸ்டார் பையனுக்கு நான் சொல்ற வழி: பெரிய பெயர் காலேஜில் பெஞ்சில் உட்காருவதை விட, முதல் வருஷமே ஆட்டத்துக்கு 20 நிமிஷம் கிடைக்கிற, டிவிஷன் 1 என்ற மேல் பிரிவில் இருக்கிற சின்ன காலேஜ். ஆட்டப் பதிவும் புள்ளிவிவரமும்தான் இப்ப ரெஸ்யூமே.

விதிப்புத்தகம் எழுதியது:

இதோடு முழுவதும் உடன்பட முடியாது. சின்ன காலேஜுக்குப் போகச் சொல்வது சரி, ஆனால் அங்கே நுழையவே படிப்புத் தகுதி வேண்டும். பிரபலமான பயிற்சிப் பள்ளிகளுக்குத் தாவும் பையன்கள் பலர் அங்கேதான் இடறுகிறார்கள்.

டிவிஷன் 1க்குப் பள்ளியில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம் போன்ற முக்கியப் பாடங்கள்), அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரி. 16இல் 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில். அந்தப் பத்தின் மதிப்பெண் அங்கேயே பூட்டப்படும், பிறகு அதே பாடத்தைத் திரும்ப எழுதி உயர்த்த முடியாது. கடிகாரம் ஓடத் தொடங்குவது 9ஆம் வகுப்பில். உடம்பு ஏறட்டும் என்று ஒரு வருஷம் திரும்பப் படிக்கவைத்தால் மதிப்பெண் பட்டியல் நீளுமே தவிர, கோர் பாடங்களுக்கான நான்கு வருஷம் நீளாது. புதிய அகாடமியின் ஆன்லைன் பாடங்கள் என்.சி.ஏ.ஏ. அங்கீகரித்த பட்டியலில் இருக்கின்றனவா என்று பள்ளிக் குறியீட்டைப் போட்டுத் தேடிப் பாருங்கள். சேர்ந்த பிறகு தேடிப் பயனில்லை.

பின்வரிசை_ரசிகன் எழுதியது:

நன்றி. இன்னொன்று. லீக் சம்பளம் வேண்டாம், பள்ளியில் இருந்தபடியே என்.ஐ.எல். ஒப்பந்தம் என்று ஒரு ஏஜென்ட் வந்தால் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் மாநில விதி. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பள்ளி வீரர் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், ஆனால் பள்ளிச் சீருடை, சின்னம், பெயர் எதுவும் படத்தில் தெரியக்கூடாது. பயிற்சி பனியனோடு எடுத்த ஒரு ஃபோட்டோ போதும் சிக்கலுக்கு. டெக்சஸில் 2025இல் வந்த சட்டப்படி 17 வயதானவர் காலேஜோடு ஒப்பந்தம் போடலாம், பணம் கையில் வருவது காலேஜில் சேர்ந்த பிறகுதான்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது காலம். காலேஜ் முடிந்த பிறகும் நீளும் எந்த வரியையும் அடித்துவிடச் சொல்லுங்கள். "எதிர்கால விளையாட்டு வருமானத்தில் சதவீதம்" என்று கண்ணில் பட்டால் தாளை மடித்து வையுங்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஜெர்வான் டெக்ஸ்டர், 4,36,485 டாலர் முன்பணத்துக்கு, 25 வருஷ என்.எஃப்.எல். வருமானத்தில் வரிக்கு முந்தைய 15% என்று எழுதிக்கொடுத்துவிட்டு 2023இல் நீதிமன்றம் போனார். அடுத்தது, யார் கடன்பட்டவர்? அதே கால்பந்தில், ஜேடன் ரஷாடாவுக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆதரவாளர் கூட்டமைப்பு எழுதிய 1.385 கோடி டாலர் ஒப்பந்தம், அவர் காலேஜில் சேரும் முன்பே ரத்தானது. கையெழுத்துப் போட்டது பல்கலைக்கழகம் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

ஏஜென்ட் கமிஷன்: என்.பி.ஏ. வீரர் ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 4%. என்.ஐ.எல்.லில் அப்படி ஒரு பொது வரம்பு இல்லை, 20% வரை கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் தானே கொண்டுவந்த ஒப்பந்தத்துக்கு மட்டும் கமிஷன் என்று எழுதி வாங்குங்கள். காலேஜ் தரும் வருவாய்ப் பங்கிலும் கை வைக்கப் பார்ப்பார்கள்.

வரி. இது சம்பளம் அல்ல, சுயதொழில் வருமானம். யாரும் பிடித்தம் செய்து தரமாட்டார்கள். கூட்டாட்சி வருமான வரிக்கு மேல் 15.3% சுயதொழில் வரி. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணை. வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக்கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு ஷூ வாங்கட்டும். ஒப்பந்தத் தாள்கள் அத்தனையையும் எடுத்து வையுங்கள்: காலேஜில் சேர்ந்ததும் 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைப் பதிய வேண்டும், 11ஆம் வகுப்பு தொடக்கத்திலிருந்து போட்டவையும் கேட்கப்படும். வேலை எதுவும் செய்யாமல் பணம் மட்டும் வந்ததாகத் தெரிந்தால் அங்கே இடிக்கும்.

மூன்றாம்_நட்சத்திரம் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்குப் பொருந்தும். அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசா, பையன் எச்-4 குடும்ப விசா என்றால் அமெரிக்காவில் வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. காலேஜில் எஃப்-1 மாணவர் விசா ஆனாலும் அதே தலைவலி. விளம்பரப் படப்பிடிப்பு, கையெழுத்து நிகழ்ச்சி, காசு வாங்கிப் போடும் இன்ஸ்டா பதிவு எல்லாம் வேலை என்றே பார்க்கப்படலாம். வெளிநாட்டிலிருந்து வரும் காலேஜ் வீரர்கள் சிலர் சொந்த நாட்டுக்குப் போகும்போதுதான் படப்பிடிப்பை வைத்துக்கொள்கிறார்கள். விசா வழக்கறிஞர் பார்க்காமல் இலவச ஷூ ஒப்பந்தத்தில் கூடக் கையெழுத்து வேண்டாம்.