பென்சில் எரியவில்லை, சேமிக்க முடியவில்லை: நகல் தரவுத்தளத்தில் திருத்தம் ஏன் மறுக்கப்படுகிறது?

கேள்வி (ஹட்டன்)

தோட்டங்களின் வரைபடத் தரவு கண்டியில் ஒரு சேர்வரில் இருக்கிறது. போஸ்ட்கிரஸ் 15 (தரவுத்தளம்), போஸ்ட்ஜிஸ் 3.3 (அதற்கான வரைபட இணைப்பு). ஹட்டன், தலவாக்கலை அலுவலகங்களுக்கு லொஜிக்கல் ரெப்ளிகேஷன் (அட்டவணை மாற்றங்களை வரி வரியாக அனுப்பும் முறை) மூலம் நகல் வருகிறது. அறிக்கை எடுப்பதற்கென்று கண்டியிலேயே ஒரு ஸ்டாண்ட்பையும் (படிக்க மட்டும் விடும் நகல் சேர்வர்) ஓடுகிறது. எல்லாரும் கியூஜிஸ் 3.28இல் (வரைபட மென்பொருள்) ஒரே ப்ரொஜெக்ட் கோப்பைத்தான் பாவிக்கிறோம்.

மண்சரிவு லேயரில் பென்சில் (திருத்தத்தைத் தொடங்கும் பொத்தான்) எரியவே மாட்டேன் என்கிறது. லயன் வீடுகள் லேயரில் புதுப் புள்ளி வைக்கலாம், இருக்கிற புள்ளியை நகர்த்த முடியாது. மலை எல்லைகள் லேயரை (நம்பர் மலைகள், அதாவது எண்ணிட்ட தேயிலைப் பகுதிகளின் பொலிகன்) ஹட்டன் நகலில் திருத்திச் சேமிக்க முடிகிறது, ஆனால் அதற்குப் பிறகு கண்டியில் செய்யும் மாற்றம் எதுவும் இங்கே வந்து சேரவில்லை. போதாக்குறைக்கு, அந்தந்த அலுவலகத்துக்கு அதனதன் டிவிசன்கள் (தோட்டப் பிரிவுகள்) மட்டும் போகட்டும் என்று பப்ளிகேஷனில் (எந்த அட்டவணைகளை அனுப்புவது என்ற பட்டியல்) வடிகட்டி போட்டதிலிருந்து கண்டியிலேயே எல்லையைத் திருத்த முடியவில்லை. சேர்ப்பது மட்டும் நடக்கிறது.

அனுமதிகளை இரண்டு தடவை பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில் 1 (பண்டாரவளை)

நான்கும் நான்கு வெவ்வேறு காரணம். அனுமதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மண்சரிவு லேயர்: ப்ரொஜெக்டில் அந்த லேயர் எந்த ஹோஸ்டைப் பார்க்கிறது என்று லேயர் பண்புகளின் தகவல் பக்கத்தில் பாருங்கள். ஸ்டாண்ட்பையின் முகவரியாக இருக்கும் என்பது என் ஊகம். உறுதி செய்ய, அதே இணைப்பில் 'செலெக்ட் பிஜி_ஈஸ்_இன்_ரிகவரி()' ஓட்டுங்கள். உண்மை என்று பதில் வந்தால் அது ஸ்டாண்ட்பைதான். லேயரைத் திறக்கும்போது கியூஜிஸும் இதே கேள்வியைக் கேட்கிறது. ஆம் என்று வந்தால் எழுதும் வசதியை முழுக்க மூடிவிடும். என்ன அனுமதி கொடுத்தாலும் ஸ்டாண்ட்பையில் ஒரு எழுத்தும் ஏறாது. சர்வீஸ் கோப்பில் இரண்டு ஹோஸ்டையும் கமாவிட்டு எழுதி, 'டார்கெட்_செஷன்_அட்டர்ஸ்' (target_session_attrs) என்பதை 'ரீட்-ரைட்' என்று வையுங்கள். பிறகு எந்தச் சேர்வர் எழுத விடுகிறதோ அதிலேதான் போய் நிற்கும். ஸ்டாண்ட்பை இல்லை என்று வந்தால் ப்ரொஜெக்ட் பண்புகளில் 'டேட்டா சோர்சஸ்' பக்கத்தைத் திறந்து, அந்த லேயருக்கு 'ரீட்-ஒன்லி' குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கோப்பைப் பிரதி எடுக்கிற இடங்களில் இந்தக் குறியும் கூடவே ஊர் சுற்றும்.

லயன் வீடுகள்: அட்டவணைக்கு ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனித்த மதிப்புள்ள நிரல், அதாவது கொலம்) இல்லை. கீ இல்லாவிட்டால் கியூஜிஸ் 'சிடிஐடி' என்ற உள் முகவரியைக் கீயாக எடுத்துக்கொள்ளும். வரியைத் திருத்தியதும் அந்த முகவரி மாறிவிடும் என்பதால், இருப்பதை மாற்றுவதைத் தடுத்து, சேர்ப்பதை மட்டும் விடும். லொக் (பதிவு) பேனலில் இதற்கு ஒரு வரி வந்திருக்கும். பப்ளிகேஷனில் இருக்கும் அட்டவணை என்றால் கீ இல்லாமல் போஸ்ட்கிரஸும் அப்டேட்டை ஏற்காது, ரெப்ளிக்கா ஐடென்டிட்டி (எந்த வரி மாறியது என்று நகலுக்கு அடையாளம் காட்டும் நிரல்கள்) இல்லை என்று சொல்லும். தானாக எண் கொடுக்கும் ஒரு ஐடென்டிட்டி நிரலைச் சேர்த்து ப்ரைமரி கீ ஆக்கினால் இரண்டும் ஒன்றாகத் தீரும். புது நிரலை முதலில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சேருங்கள், கண்டியில் கடைசியாக. அட்டவணை அமைப்பு மாற்றம் நகலாகாது. கண்டியில் முந்திக்கொண்டால் நகல் நின்றுவிடும்.

மலை எல்லைகள் லேயருக்கு ஹட்டன் சேர்வரின் லொக்கைப் பாருங்கள். 'டூப்ளிக்கேட் கீ' வரி சில விநாடிக்கொரு முறை ஓடிக்கொண்டிருக்கும். சீக்குவன்ஸும் நகலாவதில்லை. ஹட்டனில் ஒருவர் புது எல்லை வரைந்தால் அங்கிருக்கும் சீக்குவன்ஸ் ஒரு எண்ணைக் கொடுக்கும். பிறகு கண்டியும் அதே எண்ணைக் கொடுக்கும். அந்த வரி இங்கே வந்து முட்டியதும் வேர்க்கர் (வந்த மாற்றங்களை எழுதும் பின்னணிச் செயல்) அதையே திரும்பத் திரும்ப முயலும், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் வரிசையில் காத்து நிற்கும்.

ஹட்டன் வரியை அழிக்காதீர்கள், அதன் எண்ணை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முயற்சியில் நகல் தானாக ஓடத் தொடங்கும். 'ஆல்டர் சப்ஸ்கிரிப்ஷன் ஸ்கிப்' (சப்ஸ்கிரிப்ஷன் எனப்படும் பெறும் பக்கத்து இணைப்பில் சிக்கியதைத் தாண்டும் கட்டளை) 15இல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது மோதிய வரியை மட்டும் விடாது, அந்த டிரான்சாக்ஷன் முழுவதையும் விட்டுவிடும். கியூஜிஸில் ஒருவர் நாற்பது பொலிகனைத் திருத்தி ஒரே தடவையில் சேமித்திருந்தால் நாற்பதும் போய்விடும்.

பதில் 2 (நுவரெலியா)

வடிகட்டி விஷயம். அப்டேட்டும் டிலீட்டும் வெளியிடும் பப்ளிகேஷனில், வடிகட்டியில் வரும் ஒவ்வொரு நிரலும் ரெப்ளிக்கா ஐடென்டிட்டியிலும் இருக்க வேண்டும். உங்கள் ஐடென்டிட்டி எண் நிரல் மட்டும்தான், வடிகட்டியோ டிவிசன் குறியீட்டில். அதனால் அப்டேட் மறுக்கப்படுகிறது. இன்சர்ட்டுக்குப் பழைய வரி தேவைப்படாது, ஆகவே அது போகிறது.

டிவிசன் நிரலை 'நொட் நல்' ஆக்குங்கள். எண், டிவிசன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு யுனிக் இன்டெக்ஸ் போடுங்கள் (நிபந்தனை எதுவும் அதில் வேண்டாம்). பிறகு 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் 'ரெப்ளிக்கா ஐடென்டிட்டி யூசிங் இன்டெக்ஸ்' என்று அந்த இன்டெக்ஸின் பெயரைக் கொடுங்கள். ஹட்டன் பக்கம் எண் மட்டும் கீயாக இருந்தாலே போதும். 'ரெப்ளிக்கா ஐடென்டிட்டி ஃபுல்' என்று போட்டாலும் மறுப்பு நிற்கும்தான், ஆனால் பொலிகன் அட்டவணைக்கு அது வேண்டாம்: ஒவ்வொரு திருத்தத்திலும் பழைய வரி ஜியோமெட்ரியோடு சேர்த்து வாலில் (போஸ்ட்கிரஸின் மாற்றப் பதிவு) ஏறும். பெறும் பக்கத்தில் கீயும் இல்லாவிட்டால், 15இல் அது அட்டவணை முழுவதையும் தேடித்தான் அந்த வரியைக் கண்டுபிடிக்கும்.

ஒரு மலையை ஒரு டிவிசனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், புது டிவிசன் ஹட்டனின் வடிகட்டிக்குள் வராத பட்சத்தில், அந்த அப்டேட் ஹட்டனுக்கு டிலீட்டாகவே போகும். எல்லை காணாமல் போய்விட்டது என்று யாரும் பதற வேண்டாம். வடிகட்டியில் போஸ்ட்ஜிஸ் பங்ஷன்களுக்கும் இடமில்லை. 'இந்தப் பொலிகனுக்குள் விழுவது மட்டும்' என்று எழுத முடியாது, குறியீட்டு நிரல்தான் வழி.

ஹட்டன் அட்டவணை எந்தக் கிரிட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கண்டி 5235இல் (எஸ்எல்டி 99) இருக்க, பழைய கண்டவளை கிரிட்டான 5234இல் அட்டவணையை உருவாக்கியிருந்தால் வேர்க்கர் முதல் வரியிலேயே விழும். மல்டிபொலிகனை பொலிகன் நிரலுக்குள் அனுப்பினாலும் அதே கதி.

கேள்வி கேட்டவர்

மண்சரிவு லேயர் ஸ்டாண்ட்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றியதும் மலை எல்லைகளும் வரத் தொடங்கிவிட்டன. இனி ஹட்டனில் யாரும் எல்லையைத் தொடாமல் வைக்க வேண்டும், ஆனால் மண்சரிவு இடங்களை இங்கிருந்தே பதிய வேண்டும். மழை பிடித்தால் கண்டிக்கு லைன் கிடைப்பதில்லை.

பதில் 1 (பண்டாரவளை)

எல்லை அட்டவணையில் திருத்தும் ரோலிடமிருந்து இன்சர்ட், அப்டேட், டிலீட் மூன்றையும் ஹட்டனில் ரிவோக் பண்ணுங்கள். நகல் நிற்காது, 15இல் அது சப்ஸ்கிரிப்ஷன் உரிமையாளரின் பெயரில் எழுதுகிறது. எல்லாரும் சூப்பர்யூசராக நுழைகிற அலுவலகம் என்றால் ரிவோக்கால் பயனில்லை, முதலில் அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

இதுவரை ஹட்டனில் திருத்திய எல்லைகளைக் கண்டியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். கண்டியில் யாராவது அதே வரியைத் தொட்டால் ஹட்டன் திருத்தம் சத்தமில்லாமல் மேலெழுதப்படும் என்றுதான் நினைப்போம். பெரிய பொலிகனில் அதுகூட முழுதாக நடக்காது. கண்டியில் பெயரை மட்டும் மாற்றினால், டோஸ்ட்டில் (பெரிய மதிப்புகளைத் தனியே வைக்கும் இடம்) கிடக்கும் ஜியோமெட்ரி மாறாததால் அது அனுப்பப்படாது. பெயர் கண்டியுடையது, எல்லை ஹட்டனுடையது என்று ஒட்டுப்போட்ட வரி நிற்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

மண்சரிவுக்கு எதிர்த் திசையில் தனி அட்டவணை வையுங்கள். ஹட்டனில் எழுதி ஹட்டனிலிருந்தே பப்ளிஷ் பண்ணுங்கள், தலவாக்கலைக்கும் அப்படியே ஒன்று. கண்டியில் 'யூனியன் ஆல்' வியூ ஒன்றில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கீயை யூயூஐடியாக, 'ஜென்_ரேண்டம்_யூயூஐடி()' இயல்பு மதிப்போடு வைத்தால் எண் மோதலுக்கே இடமில்லை. ஒரே அட்டவணையை இரண்டு பக்கமும் எழுத 15இல் முயல வேண்டாம், அனுப்பியதே திரும்பி வந்து சுழலும். 'ஒரிஜின்' தெரிவு 16இல்தான் வந்தது.

பதில் 2 (நுவரெலியா)

லைன் அறுந்திருக்கும்போது அனுப்பும் பக்கத்தின் ஸ்லொட் (பெறும் பக்கம் எதுவரை வாங்கியது என்ற குறிப்பு) தன் வால் கோப்புகளை விடாது, இயல்பில் எல்லையே இல்லை. கண்டி டிஸ்க் நிரம்பினால் எல்லாருக்கும் திருத்தம் நின்றுவிடும். 'மேக்ஸ்_ஸ்லொட்_வால்_கீப்_சைஸ்' மதிப்பை டிஸ்க்கில் காலி இருக்கும் இடத்துக்கு ஏற்ப வையுங்கள், ஹட்டன் சேர்வரிலும் அப்படியே. 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லொட்ஸ்' வியூவில் 'வால்_ஸ்டேடஸ்' நிரல் 'லொஸ்ட்' என்று காட்டினால் அந்த ஸ்லொட்டை மீட்க முடியாது. பெறும் பக்கத்து அட்டவணையைக் காலி செய்து, சப்ஸ்கிரிப்ஷனைப் புதிதாகப் போட்டு, முழுத் தரவையும் மறுபடி இறக்க வேண்டியதுதான். அதை லைன் நன்றாக இருக்கும் இரவில் செய்யுங்கள்.