காதணி விழா அழைப்பிதழ், முதல் ப்ரூஃப்

குழு: மருதையாற்றங்கரைச் சொந்தங்கள்
திங்கட்கிழமை

[மாலை 6:40] பெரியப்பா: அச்சகத்திலிருந்து நிலாக்குட்டி காதணி விழா அழைப்பிதழ் ப்ரூஃப் வந்துவிட்டது. நாளைக் காலை 10 மணிக்குள் திருத்தம் சொல்லவும். அதற்கு மேல் சொன்னால் தனிக் காசு கேட்பார்.

[மாலை 6:41] பெரியப்பா: (படம்)

[மாலை 6:47] சுமதி அத்தை: நன்றாக இருக்கிறது அண்ணே. மஞ்சள்தான் கொஞ்சம் தூக்கல். பிள்ளையாருக்குக் கண்ணே தெரியவில்லை.

[மாலை 6:52] யாழினி: பெரியப்பா, பிள்ளையாருக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒருவர் கும்பிடுகிறாரே, அவர் யார்?

[மாலை 6:53] பெரியப்பா: தலைவர். அவர் முன்னிலையில்தான் விழா.

[மாலை 6:58] ரேவதி அண்ணி: மாமா, எங்கள் அண்ணன் பெயர் எங்கே? இரண்டு தடவை தேடிவிட்டேன்.

[மாலை 7:01] பெரியப்பா: இரண்டாம் பக்கம் பாரம்மா. ஒலிபெருக்கி உபயத்துக்கு மேல் இருக்கிறது.

[மாலை 7:04] கவின் அண்ணன்: அப்பா, பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் காது குத்தப் போவது தாய்மாமன். சீர்த்தட்டு தூக்கி வரப்போவதும் அவர். அவரை ஒலிபெருக்கிக்காரரோடு சேர்த்தால் நான் மாமனார் வீட்டு வாசலை எப்படி மிதிப்பது?

[மாலை 7:06] யாழினி: "மண்ணின் மைந்தர், ஏழைகளின் ஏந்தல், எங்கள் குலவிளக்கு". குலவிளக்கா? அவர் எந்த வகையில் நமக்குக் குலம்?

[மாலை 7:07] பெரியப்பா: அது அச்சகத்தில் தயாராக வைத்திருக்கும் வாசகம். எல்லாருக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

[மாலை 7:09] கவின் அண்ணன்: அவர் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்?

[மாலை 7:10] பெரியப்பா: இப்போது ஒன்றும் இல்லை. இருந்தார். வருவார்.

[மாலை 7:15] பெரியப்பா: பெரிய மனிதர்களை மேலே போடுவது ஒரு மரியாதை. உங்கள் காலத்தில் அது கிடையாது. யாரைப் பார்த்தாலும் மீம். பிரதமரானாலும் மீம், முதல்வரானாலும் மீம்.

[மாலை 7:18] கவின் அண்ணன்: மரியாதை என்றால் முதுகுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும் அப்பா. போன மாதம் டீக்கடையில் நீங்கள் இதே தலைவரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதட்டுமா?

[மாலை 7:19] பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[மாலை 7:20] சுமதி அத்தை: என்ன அண்ணே அழித்தீர்கள்?

[மாலை 7:20] பெரியப்பா: எழுத்துப் பிழை.

[மாலை 7:31] பெரியப்பா: சரி, சொல்லிவிடுகிறேன். ஒரு கையெழுத்துக்காக நான் ஒரு வருடம் அலைந்தது உங்களுக்குத் தெரியாது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். போனால் "அய்யா கேம்ப்" என்பார்கள். அடுத்த வாரம் போனால் "பெரிய அய்யாவிடம் ஃபைல் இருக்கிறது" என்பார்கள். அப்புறம் இவர் ஒரு போன் போட்டார். எட்டாம் நாள் காகிதம் என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு இருப்பது பயமா, நன்றியா, மரியாதையா, தெரியாது. நீ பெங்களூரில் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்கிறாய். இங்கே குடியிருப்பவன் நான்.

[மாலை 7:40] யாழினி: பெரியப்பா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது நமக்கு உரிய காகிதம். அவர் வாங்கித் தரவில்லை என்றாலும் நமக்கு வந்திருக்க வேண்டியது.

[மாலை 7:41] பெரியப்பா: வந்திருக்க வேண்டியது. வரவில்லை.

[மாலை 7:48] முருகேசன் மாமா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் சொல்வதிலும் இருக்கிறது.

[மாலை 7:48] யாழினி: மாமா, இதில் நழுவக் கூடாது.

[மாலை 7:55] முருகேசன் மாமா: நழுவவில்லை. நம் சனங்களுக்கு மரியாதை ஒரு கணக்கு, ஓட்டு வேறு கணக்கு. காமராசரை 1967இல் சொந்த ஊர் விருதுநகரிலேயே 1285 ஓட்டில் தோற்கடித்தார்கள். எதிரே நின்றவர் மாணவர் தலைவர் சீனிவாசன். தோற்கடித்த ஊரிலேயே அவர் வீட்டை இன்றைக்கு நினைவில்லமாக வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். மரியாதை இல்லாமலா தோற்கடித்தார்கள்? அரிசி கிடைக்கவில்லை, இந்திப் பிரச்சினை வேறு. அந்தக் கோபம்.

[மாலை 8:01] யாழினி: இப்போது கோபத்துக்கு நோட்டா இருக்கிறது மாமா. 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. 2024 தேர்தலில் இந்தூர் தொகுதியில் மட்டும் 2,18,674 பேர் அதை அழுத்தினார்கள். முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், அந்த ஆத்திரம்.

[மாலை 8:03] முருகேசன் மாமா: அது இந்தூர். நம் ஆட்கள் ஆளுங்கட்சி பிடிக்காவிட்டால் எதிர்க்கட்சிக்குப் போடுவார்கள். யாருக்கும் இல்லை என்று வெயிலில் வரிசையில் நிற்பதற்கு இங்கே ஆள் குறைவு.

[மாலை 8:06] பெரியப்பா: இந்தக் காலத்தில் தலைவர் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020 மார்ச் 22ஆம் தேதி சாயந்திரம் 5 மணிக்குக் கை தட்டச் சொன்னார்கள். தெருவே தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது. சுமதி எவர்சில்வர் தாம்பாளத்தை நசுக்கியே விட்டாள்.

[மாலை 8:07] சுமதி அத்தை: அது டாக்டர்களுக்காக அண்ணே. தாம்பாளம் முன்பே நசுங்கியது.

[மாலை 8:09] கவின் அண்ணன்: தட்டைத் தட்டுவதில் நமக்கு என்ன நட்டம்? தட்டில் இருப்பதை விட்டுக்கொடு என்றால் தெரியும் சேதி.

[மாலை 8:14] சுமதி அத்தை: இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை விரதம், ராத்திரி பால் மட்டும்தான். பசியில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறார். தானும் பேச வேண்டுமாம்.

[மாலை 8:22] அப்பாயி: (குரல் செய்தி, 4:51)

[மாலை 8:24] முருகேசன் மாமா: எனக்கு இடக்காது கேட்பதில்லை. யாராவது எழுதிப் போடுங்கள்.

[மாலை 8:25] யாழினி: நான் எழுதுகிறேன். பத்து நிமிடம் கொடுங்கள்.

[மாலை 8:43] யாழினி: அப்பாயி சொன்னது, முடிந்தவரை அப்படியே:

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா. நிலாக்குட்டி சாப்பிட்டாளா. தட்டில் இருப்பதை விட்டுக்கொடு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று கவின் எழுதியிருக்கிறானாம். கேட்டோம் சாமி.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது மருதையாற்றுப் பாலத்தில் ரயில் விழுந்தது. விடாத மழை. மெட்ராசிலிருந்து தூத்துக்குடி போகிற வண்டி, விடியற்காலை. எங்கள் அப்பா மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் சாயந்திரம்தான் வந்தார். வண்டியைக் கழுவு கழுவு என்று கழுவினார். என்ன பார்த்தீர்கள் என்று அம்மா கேட்டதற்குப் பதிலே இல்லை. எங்களை வண்டி ஏற விடவில்லை, அந்தப் பலகையையே அப்புறம் மாற்றினார்.

கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் பேப்பர் படித்துச் சொல்லியிருக்கிறார்கள், ரயில் மந்திரி வேலையை விட்டுவிட்டார் என்று. அப்பா வந்து சொன்னார், பாலத்தை அடித்துக்கொண்டு போனது தண்ணீர், அந்த மனிதர் ஏன் போகிறார் என்று. சொல்லிவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். உங்கள் பாட்டன், என் மாமனார், கறுப்பு சிவப்புத் துண்டுக்காரர். இந்தி வேண்டாம் என்று திருச்சி ஸ்டேஷனில் கீழப்பழுவூர் சின்னசாமி தன்னைக் கொளுத்திக்கொண்ட செய்தி கேட்டு அழுதவர். அடுத்த வருசம் தை, மாசியில் ஊர் ஊராகச் சுட்டார்கள். அப்போது டில்லியில் பிரதமர் யார்? அதே ரயில் மந்திரிதான், சாஸ்திரி. என் மாமனார் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

அதே வருசம் பாகிஸ்தான் சண்டை வந்தது. அரிசி இல்லை, அமெரிக்காக் கோதுமை. வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரி, சாப்பிடாமல் இருங்கள் என்று சாஸ்திரி கேட்டார். மாமனார் வந்து, இன்றைக்கு ராத்திரி அடுப்பு மூட்டாதே அம்மா என்றார். எனக்கு வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன், இந்திக்காரர் சொன்னதற்கா மாமா என்று. 'நம் ஊர்ப் பாலத்துக்குப் பதவியை விட்டவர் கேட்கிறார். அது வேறு, இது வேறு' என்றார். அடுத்த தேர்தலில் உதயசூரியனுக்குத்தான் போட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாஸ்திரி செத்த பிறகு ஊரில் எல்லாரும் திங்கட்கிழமையும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் பழகிவிட்டது. அவ்வளவுதான், இதை எப்படி அணைப்பது, சுமதி, இங்கே வா."

[மாலை 8:46] கவின் அண்ணன்: அப்பாயி, திங்கட்கிழமை விரதம் சிவனுக்கு இல்லையா?!

[மாலை 8:47] ரேவதி அண்ணி: நானும் சோமவார விரதம் என்று நினைத்து அவரோடு இருந்தேனே, கல்யாணமான வருடம் முழுக்க.

[மாலை 8:50] சுமதி அத்தை: அம்மா சொல்லச் சொல்கிறார்: "சிவனும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்."

[மாலை 8:58] முருகேசன் மாமா: விபத்து 1956 நவம்பர் 23. 140 பேருக்கு மேல் போனார்கள். கல்லகத்துக்கும் அரியலூருக்கும் நடுவில். ரயில்வேயில் நான் சேர்ந்த புதிதில், மழை நாளில் அந்தப் பாலத்தை வைத்துத்தான் பெரியவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். சாஸ்திரி அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்தார், நேரு வாங்கவில்லை. இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது, சாஸ்திரி மேல் தப்பு என்பதற்காக அல்ல, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

[மாலை 9:02] முருகேசன் மாமா: அதே விபத்தில் துணை மந்திரி அழகேசன் கதை வேறு மாதிரி. 1957 தேர்தலில் தி.மு.க. கோஷம் இன்றைக்கும் காதில் நிற்கிறது: "அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா". ஓர் எதுகைக்குள் மனிதரை அடைத்துவிட்டார்கள்.

[மாலை 9:05] யாழினி: ஆனால் மாமா, 1965 பிப்ரவரியில் இந்திப் பிரச்சினைக்காக சி. சுப்பிரமணியத்தோடு சேர்ந்து மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தது இதே அழகேசன்தான். வகுப்பில் படித்தோம். அதற்கு யாரும் கோஷம் எழுதவில்லை போல.

[மாலை 9:06] முருகேசன் மாமா: அது எதுகைக்கு அடங்கவில்லை.

[மாலை 9:10] கவின் அண்ணன்: சாஸ்திரி பியட் கார் வாங்கிய கதையும் இருக்கிறது. பிரதமராக இருந்துகொண்டு வங்கியில் கடன் வாங்கி வாங்கியிருக்கிறார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்துபோனார். பாக்கிக் கடனை மனைவி கட்டினார்.

[மாலை 9:12] பெரியப்பா: எல்லாம் சரி. அந்த மாதிரி ஆள் இப்போது எங்கே கிடைப்பார்? கிடைத்தால் முதல் பக்கம் முழுக்க அவர் படத்தையே போடுகிறேன்.

[மாலை 9:13] ரேவதி அண்ணி: அப்போதும் தாய்மாமன் பெயர் மேலே வர வேண்டும் மாமா.

[மாலை 9:15] கவின் அண்ணன்: அப்பா, அந்தக் காகித விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்.

[மாலை 9:16] பெரியப்பா: சொன்னால் நீ ஆன்லைனில் புகார் கொடுப்பாய். அப்புறம் நான்தான் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

[மாலை 9:18] கவின் அண்ணன்: கொடுத்திருப்பேன். உண்மைதான்.

[மாலை 9:31] பெரியப்பா: அச்சகத்துக்காரரோடு பேசினேன். தாய்மாமன் பெயர் முதல் பக்கம், பெரிய எழுத்தில். படம் எடுத்தாயிற்று. குலவிளக்கும் எடுத்தாயிற்று.

[மாலை 9:32] யாழினி: தலைவர் பெயர்?

[மாலை 9:33] பெரியப்பா: இரண்டாம் பக்கம், "வாழ்த்துவோர்".

[மாலை 9:33] யாழினி: ஒலிபெருக்கிக்கு மேலா, கீழா?

[மாலை 9:35] பெரியப்பா: மேல். அந்த ஒரு போனுக்காக. புதன்கிழமை வெற்றிலை பாக்கு, பழத்தோடு நேரில் போய்க் கூப்பிடப் போகிறேன். நன்றி சொல்ல வேண்டியது என் கடன். கவின், நீ வருகிறாயா?

[மாலை 9:37] கவின் அண்ணன்: செவ்வாய் ராத்திரி பஸ் ஏறுகிறேன். காலில் விழச் சொல்லக் கூடாது.

[மாலை 9:38] பெரியப்பா: நானே விழ மாட்டேன். முட்டி மடங்காது.

[மாலை 9:44] சுமதி அத்தை: அம்மா பால் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். அண்ணே, பிள்ளையார் கண்ணை யாரும் அச்சகத்தில் சொல்லவே இல்லையே?

[மாலை 9:45] பெரியப்பா: அடடா.