ஆள் பழக்கமே இல்லாத நாயைப் பிடிப்பதும் பழக்குவதும்: அனுபவப் பகிர்வு

வீட்டில் வளர்ந்து தொலைந்துபோன நாயும் ஆளைக் கண்டால் ஓடத்தான் செய்யும். ஆனால் சில நாள் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் சாப்பாடு வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும், பேச்சுக்குக் காதைத் திருப்பும். ஆள் வாடையே படாமல் வளர்ந்ததோ, நாம் போய் மறைந்த பிறகுதான் தட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கும். இந்த வகையைத் துரத்தியோ வலை வீசியோ பிடிக்கப் போகாதீர்கள். ஒருமுறை தப்பிவிட்டால் சாப்பிட வந்த இடத்தையே கைவிட்டுவிடும்.

பொறிக்கூண்டுதான் சரி: உள்ளே இருக்கும் மிதிபலகையை நாய் மிதித்ததும் தூக்கி வைத்த கதவு விழும். நடுத்தர உயர நாய்க்கு ஐந்தடி நீளமாவது வேண்டும். நீளம் குறைந்தால் முன்கால் மிதிபலகையில் படும்போது பின்பாகம் வெளியே இருக்கும், கதவு முதுகில் விழும், அப்புறம் எந்தக் கூண்டுக்குள்ளும் தலை நீட்டாது. முதல் சில நாள் கதவை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிடுங்கள், தவறியும் விழக்கூடாது. கம்பித் தரையில் கால் வைக்க நாய்க்குப் பிடிக்காது. மெல்லிய அட்டையோ மண்ணோ பரப்புங்கள், ஆனால் மிதிபலகைக்கு அடியில் மண் சேர்ந்தால் பலகை இறங்காது. சாப்பாட்டை முதலில் வாசலில் வையுங்கள், பிறகு பாதியில், கடைசியில் மிதிபலகைக்கு அப்பால் பின்சுவரை ஒட்டி. தொடர்ந்து சில நாள் பதற்றமில்லாமல் உள்ளே நின்று தின்ற பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு யாராவது சோறு வைத்தால் இத்தனையும் வீண். முதலில் அவர்களிடம் பேசி நிறுத்துங்கள்.

கதவு விழத் தயாராக இருக்கும்போது கூண்டை விட்டுவிட்டுப் போகவே கூடாது. வெயிலில் அடைபட்டு முட்டி மோதும் நாய் உடல் சூடேறியே செத்துப்போகும். விழுந்ததும் காற்றுப் போகும் துணியால் மூடுங்கள், மோதல் அடங்கும்.

* * *

பெண் நாயானால் கதவை விடுவதற்கு முன் மடியைப் பாருங்கள். காம்புகள் தடித்துத் தொங்கினால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. தாயை மட்டும் பிடித்தால் அவை பட்டினியில் சாகும்.

குட்டிகளின் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மனிதரை ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் மங்கிவிடும். அமெரிக்காவில் பார் ஹார்பரில் நடந்து 1961இல் வெளியான ஆய்வில், 14 வாரம் வரை ஆள் தொடாமல் திறந்தவெளியில் வளர்த்த குட்டிகளை அதற்குப் பிறகு சகஜமாகப் பழக்க முடியவில்லை. ஆறு வாரக் குட்டி சீறினாலும் சில நாளில் மடியில் தூங்கும்; ஆறு மாத நாய்க்கு அதே வேலை பல மாதம் இழுக்கும்.

* * *

மருத்துவம் பற்றிச் சுருக்கமாக. மயக்கம் கொடுக்கும் அந்த ஒரே தடவையில் கருத்தடை, ரேபீஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை, நகம் வெட்டுதல், அடையாளத்துக்குத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் எல்லாம் முடித்துவிடச் சொல்லுங்கள். மற்ற நாய்களிடமிருந்து இரண்டு வாரம் தனியே வையுங்கள். நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோய்களான பார்வோவும் டிஸ்டெம்பரும் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரியும். ரேபீஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கக்கூடும். அதனால் கையாளுகிறவர்கள் முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பார்வோ வந்த அறையை முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்குப் பரிதாபப்பட்டு வயிறு நிறையப் போடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சிறு சிறு வேளைகளாகப் பிரித்துச் சில நாளில் அளவைக் கூட்டுங்கள்.

* * *

பழக்குவதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூலையில் அசையாமல் கிடக்கிறது, தடவினால் ஒன்றும் செய்யவில்லை, அதனால் 'பழகிவிட்டது' என்பார்கள். கண்ணைப் பாருங்கள்: வெள்ளை விளிம்பு தெரியும், வாய் இறுக மூடியிருக்கும், பக்கத்தில் போட்ட இறைச்சித் துண்டைக்கூட மோந்து பார்க்காது. பயத்தில் உறைந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் தொடர்ந்து தொட்டால் ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். உறுமினால் அதட்டவும் கூடாது. உறுமலை அடக்கினால் கடிக்கு முன் கிடைக்கும் தெளிவான எச்சரிக்கையும் போய்விடும்.

சின்ன அறை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. அதற்குள் கைவிட்டு இழுக்கவே வேண்டாம். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், நேருக்கு நேர் பார்க்காதீர்கள். இறைச்சித் துண்டை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் போடாமல் நாய்க்குப் பின்னால் போடுங்கள். கிட்டே வரவைக்கத்தானே தீனி என்று கேட்பீர்கள். கையைக் காட்டி இழுத்தால் தீனி மேல் கண்ணாக வந்துவிடும், விழுங்கியதும் ஆள் எவ்வளவு பக்கத்தில் என்று உணர்ந்து மிரண்டு பாயும். பின்னால் விழுந்தால், விலகிப் போய்த் தின்று, மூச்சு விட்டு, தானாகத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதல்தான் பழக்கம். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் பலமுறை.

தொடுவதானால் மோவாய்க்குக் கீழோ மார்பிலோ மூன்று நொடி, பிறகு கையை எடுத்துவிடுங்கள். முன்னால் சாய்ந்தால் இன்னொரு மூன்று நொடி. உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், தலையைத் திருப்பினால் அன்றைக்கு அத்தோடு சரி. ஆளோடு ஒட்டுதலான இன்னொரு நாய் அறையில் இருந்தால் பாதி வேலை அதுவே செய்துவிடும்.

* * *

ஒரு மாற்றுக் கருத்து. முழு வளர்ச்சி அடைந்து, தன் இடத்தில் உடல்நலத்தோடு இருக்கும் நாயை நான்கு சுவருக்குள் அடைத்தே தீர வேண்டும் என்பதில்லை. சட்டம் இடம் கொடுத்தால் கருத்தடையும் ஊசியும் முடித்து, பிடித்த அதே இடத்தில் விடுவது பல நாய்களுக்கு நல்லது. வேறு இடத்தில் விட்டால் அங்கிருக்கும் கூட்டம் கடித்துத் துரத்தும்.

* * *

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தப்புவதுதான் அதிகம், அதுவும் முதல் சில வாரத்தில். மார்பைச் சுற்றிப் போடும் வழுக்காத ஹார்னெஸில் ஒரு வார், இழுத்தால் இறுகும் கழுத்துப்பட்டையில் இன்னொரு வார் என இரண்டும் போடுங்கள். ஒன்றை மட்டும் நம்பினால் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். காரில் கதவைத் திறப்பதற்கு முன் இரண்டு வாரும் கையில் சுற்றியிருக்க வேண்டும். மீறி ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், ஆள் சேர்த்துத் தேடாதீர்கள். அது படுத்த துணியையும் வழக்கமான சாப்பாட்டையும் தப்பிய இடத்திலேயே வைத்துவிட்டு, கூண்டை மறுபடி கதவு கட்டிய நிலையில் இருந்து ஆரம்பியுங்கள்.