கையால் சுற்றினால் 'டக் டக்': பிரஷ்லெஸ் மோட்டார் இறுக்கம், உங்கள் அனுபவம் என்ன?

ஒரே 2207 அளவில் (ஸ்டேட்டர் 22 மி.மீ. விட்டம், 7 மி.மீ. உயரம்) இரண்டு ட்ரோன் மோட்டார். ஒன்றை விரலால் தட்டிவிட்டால் நாலு சுற்று ஓடுகிறது, இன்னொன்று அரைச் சுற்றிலேயே 'டக்'கென்று நின்றுவிடுகிறது. இரண்டும் புதுசு. இறுக்கமாக இருப்பது பழுதா, அதுதான் நல்ல மோட்டாரா? கைக்கு வந்த மோட்டார்களில் என்ன பார்த்தீர்கள், காரணம் என்னவாக இருந்தது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

*

இறுக்கம் என்று பொதுவாகச் சொன்னால் பிடிபடாது ப்ரோ. விரலில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். விட்டு விட்டு, பல்சக்கரம் மாதிரி 'டக் டக்' என்று இழுத்தால் அது காகிங். நடுவில் நிற்கும் ஸ்டேட்டரின் பற்கள் இரும்பு, வெளியே சுற்றும் பெல்லுக்குள் காந்தம். காந்தம் பல்லோடு ஒட்டி நிற்கத் தோதான இடத்தைத் தேடிப் போகும், அங்கிருந்து கிளப்ப விரல் பலம் கேட்கும். ஒயர் எதிலும் சேராமல் தொங்கினாலும் இது இருக்கும்.

பாகுக்குள் கரண்டியை விட்டுச் சுற்றுவது போல, வேகம் கூடக் கூட இழுவையும் கூடினால் எங்கோ ஷார்ட். கரகரவென்றோ, சுற்றுக்கு ஒரு தடவை ஒரே இடத்திலோ உரசினால் பேரிங் அல்லது காந்தத்தில் ஒட்டிய குப்பை.

*

காகிங் எத்தனை படி என்பது பல், காந்தம் இரண்டின் மீ.பொ.ம. 9 பல் 12 காந்தம் என்றால் சுற்றுக்கு 36 படி, ஒவ்வொன்றும் 10 டிகிரி. ட்ரோன் மோட்டாரில் வழக்கமான 12 பல் 14 காந்தம் என்றால் 84 படி, ஒன்று 4.3 டிகிரிதான். படி கூடக் கூட ஒவ்வொரு படியின் உயரமும் குறையும். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் மோட்டாரில் 24 பல் 22 காந்தம் வைத்தால் 264 படி, கையில் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அதனால் 12க்கு 16 அமைப்பில் வந்த மோட்டாரையும் 12க்கு 14ஐயும் கையில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. முன்னதற்கு 48 படிதான்.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இறுக்கம் வேறுபட்டால் காந்தத்தைப் பாருங்கள். காகிங் விசை, காந்த இடைவெளியில் உள்ள புலத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகும். என்42 தரக் காந்தத்துக்குப் பதில் அதைவிடப் பலமான என்52 போட்டாலே ஏறக்குறைய கால் பங்கு கூடும். வளைந்த காந்தம் போட்டு இடைவெளியைக் குறைத்தால் இன்னும் ஏறும். பற்களுக்கு நடுவே உள்ள வாய் அகலமாக இருந்தாலும் அப்படியே.

*

கேவி (ஒரு வோல்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்பது) குறைந்தால் இறுக்கம் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வது தவறு. ஒரே ஸ்டேட்டர், ஒரே பெல், செப்புக் கம்பிச் சுற்றின் எண்ணிக்கை மட்டும் வேறு என்றால், ஒயர் திறந்திருக்கும்போது காகிங் ஒன்றுதான்.

இன்னொரு குழப்பம்: காகிங் பறக்கும்போது பேட்டரியைத் தின்னும் என்பது. ஒரு படி ஏறும்போது வாங்கிய ஆற்றலை இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும். உண்மையான இழப்பு இரும்புத் தகட்டில் சூடாகப் போவதும் பேரிங் உராய்வும். அதைக் காட்டுவது விரல் இல்லை, புரொப்பெல்லர் இல்லாமல் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டம். நாலு மோட்டாரையும் ஒரே வோல்டில் ஓட்டி, ஒன்று மட்டும் தனித்துக் கூடுதலாக இழுக்கிறதா என்று பாருங்கள்.

*

84 படி வர வேண்டிய மோட்டாரில் பெரிய படியாக 12 மட்டும் வந்தால்? இதை யாரும் எழுதவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பெல்லைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவாகத் திருப்பி, பெல் தானாக நிற்கும் இடத்திலெல்லாம் மார்க்கரில் கோடு போடுங்கள். 12 பல் மோட்டாரில் 12 கோடு விழுந்தால் ஒரு காந்தம் சரியில்லை: பலம் குறைந்தது, அல்லது பசை இளகித் தள்ளி நிற்கிறது. அந்த ஒரு காந்தம் ஒவ்வொரு பல்லையும் கடக்கும்போது தனியாகக் காட்டிக்கொடுக்கிறது. 14 கோடு விழுந்தால் குற்றம் ஸ்டேட்டரில். ஒரு பல் வளைந்திருக்கும், அல்லது வட்டம் கெட்டிருக்கும். கீழே விழுந்த ட்ரோனில் இது சகஜம். ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அதில் மெல்லிய துண்டு வெட்டி இடைவெளியில் நுழைத்துச் சுற்றி வந்தால் எங்கே பிடிக்கிறது என்று தெரியும்.

கழன்ற காந்தத்தைத் திரும்ப ஒட்டும்போது துருவம் மாறிவிடக்கூடாது. பக்கத்துக் காந்தங்கள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வர வேண்டும். ஒட்டும் முன் திசைகாட்டியை ஒவ்வொன்றின் முன்னும் காட்டிப் பாருங்கள்.

*

பாகு மாதிரி இழுவைக்கு: முதலில் இஎஸ்சியில் (மோட்டாரை ஓட்டும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை) இருந்து மூன்று ஒயரையும் கழற்றுங்கள். இழுவை போய்விட்டால் மோட்டார் நல்லது, இஎஸ்சியில் மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) ஷார்ட். பேட்டரியை மாட்டாமல் மீட்டரை வைத்து, பிளஸ் பேடுக்கும் மூன்று மோட்டார் பேடுக்கும், பிறகு மைனஸுக்கும் மூன்றுக்கும் பாருங்கள். சைபர் ஓம் பக்கம் வருவதுதான் குற்றவாளி. ஒரே ஒரு மாஸ்ஃபெட் போயிருந்தால் இழுவை சீராக இருக்காது, விட்டு விட்டு வந்து காகிங் போல ஏமாற்றும்.

ஒயரைக் கழற்றியும் போகவில்லையா? மோட்டாரைப் பிடித்திருக்கும் எம்3 திருகைப் பாருங்கள். ட்ரோன் சட்டத்தின் 5 மி.மீ. தடிமனான கையில் 8 மி.மீ. திருகு போட்டால் 3 மி.மீ. உள்ளே போகும், போதும். 10 மி.மீ. போட்டால் பல மோட்டார்களில் செப்புச் சுருளில் குத்தும். இரண்டு திருகு இரண்டு ஃபேஸை (மூன்று ஒயருக்கான சுருள்களில் இரண்டை) தொட்டால் அடித்தகடு வழியாக ஷார்ட். திருகை முடுக்க முடுக்க மோட்டார் கனமானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

*

பேரிங்கைத் தனியாகச் சோதிக்க வேண்டுமென்றால் பெல்லைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் விரலால் சுற்றுங்கள். காந்தம் இல்லாததால் காகிங் குழப்பாது. இந்த அளவு மோட்டாரில் அடிக்கடி வருவது 4×9×4 (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், மி.மீ.), அதாவது 684 இசட்இசட். திரும்ப மாட்டும்போது அடித்திருகின் வாஷரை விட்டுவிட்டால் புது பேரிங்கும் இறுகிவிடும். தண்டு மேலும் கீழும் மயிரிழை அசைய வேண்டும். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளைக் காற்றடித்து எடுக்க முடியாது, டேப்பைத் திருப்பி ஒட்டி இழுங்கள்.

*

ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார்க்காரர்கள் 'காகிங்' என்று சொல்வது வேறு: சென்சார் இல்லாத மோட்டார் கிளம்பும்போது திக்குவது. அது இஎஸ்சிக்கு ரோட்டார் நிற்கும் இடம் தெரியாமல் வருவது, கையில் தெரியும் படியைச் சொல்வதில்லை. பல்லே இல்லாத ஸ்டேட்டர் போட்ட மோட்டார் கையில் வெண்ணெய் போலச் சுற்றும். அதுவும் சென்சார் இல்லாவிட்டால் கிளம்பும்போது திக்கலாம்.

*

எல்லாரும் இறுக்கத்தையே பேசுகிறீர்கள். நாலில் ஒன்று மட்டும் லேசாகச் சுற்றினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சூட்டில் காந்தம் பலமிழந்திருக்கும். சாதாரண என் வகைக் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், சூடு தாங்கும் வகைகளில் எச் 120, எஸ்எச் 150. பலமிழந்தால் கேவி ஏறும், சுமையில்லா மின்னோட்டமும் ஏறும்.

சோதனை சுலபம். தண்டை டிரில்லில் பிடித்து 3,000 ஆர்பிஎம்மில் சுற்றி, ஏதாவது இரண்டு ஒயருக்கு நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். 1,750 கேவி மோட்டார் சுமார் 1.2 வோல்ட் காட்ட வேண்டும். கணக்கு: கேவி = ஆர்பிஎம் ÷ (வோல்ட் × 1.414). 14 காந்த மோட்டாரில் அந்த வேகத்தில் அதிர்வெண் 350 ஹெர்ட்ஸ். விலை குறைந்த மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும், அதனால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மூன்று ஒயர் ஜோடியிலும் ஒரே அளவு வோல்ட் வந்து, மற்ற மூன்று மோட்டாரைவிடக் குறைவாக இருந்தால் பெல்லை மாற்றினால் போதும்.