எஸ்பிரெஸோ பத்து நொடியில் கொட்டிவிடுகிறது, குடித்தால் ஒரே புளிப்பு. மெஷினை மாற்றணுமா?

காலைக்கோப்பை:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் சின்ன பம்ப் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் பூட்டும் கைப்பிடி), பெட்டியில் 15 பார் என்று போட்டிருந்தது. கூடவே தூள் போடும் இரண்டு பாஸ்கெட். அடியில் ஒரே ஒரு துளை தெரிகிற பாஸ்கெட்டில் போட்டால் நுரை பொங்க வருகிறது, ஆனால் வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. அடி முழுக்கப் பொடித்துளை உள்ள இன்னொன்றில் போட்டால் சுவிட்சைத் தட்டியதுமே மளமளவென்று ஊற்றி, பத்து நொடிக்குள் கோப்பை நிறைந்துவிடுகிறது. வெளிறிய நிறம், பல் கூசும் புளிப்பு. அரைத்தே பாக்கெட்டில் வரும் 'எஸ்பிரெஸோ தூள்'தான் போடுகிறேன். தூளை இறுக்கும் டேம்பரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையவில்லை. கையில் இருப்பது கொஞ்சப் பணம். அதை வேறு மெஷினில் போடுவதா, இல்லை இதிலேயே ஏதாவது வழி இருக்கிறதா?

பர்வட்டம்:
மெஷினைத் தொடாதீர்கள். அந்தப் பணத்தை கிரைண்டரில் போடுங்கள்.

15 பார் என்பது பம்ப் அதிகபட்சமாக எட்டக்கூடிய அழுத்தம். எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது 9 பார் அளவுதான், அதை உங்கள் பம்ப் தாராளமாகத் தரும். ஆனால் எதிரே தடை இருந்தால்தான் அழுத்தமே உருவாகும். நுனியில் விரல் வைக்காத தோட்டக் குழாய் மாதிரிதான் இப்போது நடக்கிறது: தண்ணீர் ஓடுகிறது, பீய்ச்சவில்லை. அந்தத் தடையைத் தருவது பாஸ்கெட்டில் இருக்கும் தூள். அது பருமனாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. தூளுக்குள் இருக்கும் காற்று போய் இறுகிய பிறகு, மேற்கொண்டு அழுத்துவதால் எதுவும் மாறாது.

ஒற்றைத் துளை பாஸ்கெட் இரட்டைச் சுவர் வகை. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே தடையாகிவிடும். நுரை வருவதும் அதனால்தான், சாறு முழுதாக இறங்கியதற்கு அது அடையாளமில்லை. பாக்கெட் தூள் பெரும்பாலும் இந்த பாஸ்கெட்டுக்கு ஏற்ற பருமன். அடி முழுக்கத் துளை உள்ள ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு அந்த நைஸ் போதாது.

காலைக்கோப்பை:
நன்றி சார், இப்போது புரிகிறது. கொட்டை வாங்கி மிக்ஸியில் நைஸாக அரைத்தால் போதாதா? கையால் சுற்றும் கிரைண்டர் எஸ்பிரெஸோவுக்குத் தாங்குமா?

பர்வட்டம்:
மிக்ஸி வேண்டவே வேண்டாம். பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். மாவும் குருணையும் சேர்ந்தே வரும். மாவிலிருந்து கசப்பு, குருணையிலிருந்து புளிப்பு, இரண்டும் ஒரே கோப்பையில்.

கை கிரைண்டர் தாராளமாகத் தாங்கும். குறைந்த செலவில் எஸ்பிரெஸோ குடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மோட்டாருக்குப் போகும் காசு கொட்டையை அரைக்கும் பல்லான பர்ருக்குப் போகிறது. எஃகு கூம்பு பர், தண்டு ஆடாமல் நிற்க பேரிங், ஒவ்வொரு கிளிக்கும் மிகச் சிறிய நகர்வு, இந்த மூன்றையும் பாருங்கள். கிளிக் பெரிதாக இருந்தால் ஒன்றில் அடைக்கும், அடுத்ததில் கொட்டும், நடுவில் நிற்க இடமே இருக்காது. கூடவே 0.1 கிராம் காட்டும் தராசு. அதுவரை இரட்டைச் சுவர் பாஸ்கெட்டிலேயே குடியுங்கள்.

கரும்பொன்:
கொட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதி தேதி மட்டும் இருந்தால் அதை வாங்காதீர்கள். வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு தங்கியிருக்கும், எஸ்பிரெஸோ மேல் நிற்கும் பழுப்பு நுரையான கிரெமாவுக்கு அதுதான் ஆதாரம். வறுத்த மறுநாளே போட்டால் வாயு அதிகமாகி ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸோ) தாறுமாறாக ஓடும். மாதக்கணக்கில் கிடந்ததென்றால் கிரெமா இருக்காது, எவ்வளவு நைஸாக அரைத்தாலும் வேகமாக இறங்கும். ஒரு வாரம் ஆறவிட்டு, அடுத்த சில வாரங்களுக்குள் தீர்ப்பது நல்லது. தீராதென்று தோன்றினால் சிறு சிறு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஆரம்பத்தில் மீடியம் அல்லது அதைவிடக் கொஞ்சம் அடர்த்தியான வறுவல் எடுங்கள். லைட் ரோஸ்டிலிருந்து சாறு இறக்க நல்ல சூடு வேண்டும், சின்ன மெஷின் அதற்குத் திணறும்.

ஆவிக்குழாய்:
வேறு மாதிரியும் யோசிக்கலாம். மெஷினை விற்றுவிட்டு, கையால் நெம்பி அழுத்தம் தரும் கை லீவர் மெஷின் ஒன்று வாங்கினால் பழுதாக பம்ப்பே கிடையாது. லீவரை மட்டமாக நினைக்க வேண்டாம். 1948-இல் அக்கிலே காஜியா கொண்டுவந்த மெஷினில் லீவர்தான் இருந்தது, கிரெமா பிரபலமானதே அதில்தான். ஃபேமா நிறுவனத்தின் இ61 மெஷின் பம்ப்போடு வந்தது 1961-இல்.

பர்வட்டம்:
லீவர் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கும் இதே கிரைண்டர் வேண்டும், சின்ன கை லீவர்களில் பெரும்பாலும் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைக்க வேண்டும், பால் நுரைக்க ஆவியும் கிடையாது. இருக்கிற மெஷின் ஓடும்போது முதல் செலவு அதுவாக இருக்கக் கூடாது.

காலைக்கோப்பை:
கிரைண்டர் வந்துவிட்டது! ஆனால் புதுப் பிரச்சினை. 18 கிராம் போட்டு நைஸாக அரைத்தேன். முதலில் ஒன்றுமே வரவில்லை, பிறகு சொட்டுச் சொட்டாக, திடீரென்று ஒரு பக்கமாகப் பீய்ச்சியது. ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும். தட்டிப் பார்த்தால் தூள் வட்டின் ஓரத்தில் ஊசி குத்தியது போல் ஓட்டை, மேலே சேறு.

கரும்பொன்:
18 கிராம் 58 மி.மீ. பாஸ்கெட்டுக்கான கணக்கு. உங்களுடையதற்கு 14, 15 போதும். அழுத்தியபின் மெஷினில் பூட்டி, தண்ணீர் விடாமலே கழற்றிப் பாருங்கள். மேல் வலையின் தடம் தூளில் பதிந்திருந்தால் அளவு அதிகம். சேறு பற்றிக் கவலை வேண்டாம். ஷாட் முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாத மெஷின்களில் அப்படித்தான் இருக்கும்.

ஓட்டைதான் கவனிக்க வேண்டியது. தண்ணீர் இளகிய இடம் பார்த்துத் துளைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த வழியில் உள்ள தூள் வெந்து கசக்கும், மற்றது பாதி நனைந்து புளிக்கும். மெல்லிய ஊசிகள் நாலைந்தை ஒரு தக்கையில் குத்தி, பாஸ்கெட்டில் போட்ட தூளை அடிவரை கிளறுங்கள். கட்டி உடையும், ஓரமும் நிரம்பும். பிறகு டேம்பரை நேராக ஒருமுறை அழுத்தினால் போதும். சாய்ந்தால் மறுபடி ஓட்டைதான்.

பர்வட்டம்:
இரண்டு கிளிக் பருமனாக்குங்கள். 15 கிராம் போட்டு, கோப்பையில் 30 கிராம் வந்ததும் நிறுத்துங்கள். பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 நொடி ஆக வேண்டும். தூளின் எடையை மாற்றாமல் அரைவையை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முதல் ஷாட்டுக்கு முன் தூள் இல்லாத போர்ட்டாஃபில்டரை மாட்டிச் சுடுநீர் ஓடவிடுங்கள். அந்த உலோகம் குளிர்ந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் புளிக்கும். குடிக்கும் முன் கரண்டியால் கலக்குங்கள், அடியில் கெட்டியாகவும் மேலே நீர்த்தும் இருக்கும்.

காலைக்கோப்பை:
15 போட்டு 31 எடுத்தேன், 27 நொடி. எலிவால் போல மெல்லியதாக, அடர்பழுப்பில் இறங்கியது. புளிப்பு பழச்சுவையாகத் தணிந்திருக்கிறது, கசப்பு தொண்டையில் நிற்கவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும்: பால் நுரைத்தபின் எடுக்கும் இரண்டாவது ஷாட் தீய்ந்த வாடை அடிக்கிறது.

ஆவிக்குழாய்:
ஆவிக்காக ஏறிய சூடு இன்னும் இறங்காததுதான் காரணம். ஆவி சுவிட்சை அணைத்துவிட்டு, போர்ட்டாஃபில்டரை மாட்டாமல் தண்ணீரை ஓடவிடுங்கள். முதலில் உஸ்ஸென்று ஆவி கலந்து தெறிக்கும், கையைத் தள்ளி வையுங்கள். சத்தம் அடங்கித் தண்ணீர் சீராக விழுந்ததும் அடுத்த ஷாட்டைப் போடலாம். நேரம் இருந்தால் ஷாட் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு, பாலைக் கடைசியில் நுரையுங்கள்.