பழைய லயனல் பொம்மை ரயில்: விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை

ஷெட் ஃபிட்டர் (எடிசன், நியூஜெர்சி)

எல்லாருக்கும் வணக்கம். அரக்கோணம் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 85 வயது. போன வாரம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். இறந்துபோன கணவர் பத்திரமாக வைத்திருந்த லயனல் ரயில் செட். "ஓடுமா பாருங்கள்" என்றார். ரயில்வேக்காரன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

எஞ்சினின் ஓட்டுநர் அறையில் 2037 என்று எண் இருக்கிறது, 2-6-4 சக்கர அமைப்பு. எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் நிலக்கரி வண்டியான டெண்டர் 6026டபிள்யூ. 90 வாட் 1033 டிரான்ஸ்ஃபார்மர். தண்டவாளம் 8 வளைவு, 4 நேர்.

பிளக் ஒயரைத் தொட்டதும் உறை பொறைபோல உதிர்ந்தது. அதனால் முதல் வேலையாகப் புது ஒயர் போட்டேன். சீரிஸில் பல்பு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நேரடியாகக் கொடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் ஏ, யூ முனைகளில் 5 முதல் 16 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரை சீராக ஏறுகிறது. ஒன்றை நடுத் தண்டவாளத்துக்கும் மற்றதை வெளித் தண்டவாளத்துக்கும் கொடுத்தேன்.

மோட்டாரின் பிரஷ் தகட்டைக் கழற்றி, பிரஷ்ஷிலிருந்து கரண்ட் வாங்கும் கம்யூட்டேட்டரைத் துடைத்தேன். மூன்றே செக்மென்ட். இடைவெளிகளில் கரி அடைத்திருந்தது, பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். பிரஷ் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஸ்பிரிங்கில் இழுவை இருக்கிறது. மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் விரலால் தள்ளினால் சுற்றுகிறது.

ஆனால் கரண்ட் கொடுத்தால் முன்விளக்கு மட்டும் எரிகிறது. எஞ்சினுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எங்கே பார்ப்பது?

பிட்ஸ்பர்க் வாசி

ஐயா, பாய்லரின் மேல்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது? உள்ளே "இ-யூனிட்" என்று ஒரு ரிலே உண்டு, அதாவது மின்காந்தக் காயிலால் இயங்கும் சுவிட்ச். கரண்டை நிறுத்தி மறுபடி கொடுக்கும்போதெல்லாம் அது ஒரு படி நகரும்: முன்னால், நடுநிலை, பின்னால், நடுநிலை. அந்த நெம்புகோல் ரிலே காயிலைத் துண்டித்துவிடும். வண்டி நடுநிலையில் இருக்கும்போது யாராவது அதைத் தள்ளியிருந்தால், எத்தனை முறை கரண்ட் கொடுத்தாலும் விளக்கு மட்டும்தான் எரியும். காயிலுக்குக் கரண்ட் போனால் "கொர்ர்" என்று சத்தம் வர வேண்டும். உங்களுக்கு அது வரவில்லை என்பதால்தான் சந்தேகப்படுகிறேன்.

கோவை மெக்கானிக்

பழைய கிரீஸ் இறுகியிருக்கும் சார். துரு நீக்கும் ஸ்பிரேயை எஞ்சினுக்குள் தாராளமாக அடியுங்கள், ஒரு மணி நேரம் ஊறட்டும்.

பிட்ஸ்பர்க் வாசி

தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் இ-யூனிட்டுக்குள் படிப்படியாகச் சுழலும் டிரம்மில் படிந்தால் தொடர்பு விரல்களில் அழுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகும். அச்சு முனைகளில் ஒவ்வொரு துளி, பல்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவு போதும். இன்னொன்று, தண்டவாளத்தை இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள். 2037-இல் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளக் காந்தம் வைத்திருக்கிறார்கள். உதிரும் தூளெல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். பச்சை ஸ்கிரப்பரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும்.

ஷெட் ஃபிட்டர்

நெம்புகோல்தான்! தள்ளியதும் "கொர்ர்" சத்தம் வந்தது. ஆனால் டிரம் நகரவில்லை. அதனால் பாய்லரைக் கழற்றி இ-யூனிட்டைக் கண்ணால் பார்த்தேன்.

அதைப் பார்த்ததும் சிறிது நேரம் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்திய ரயில்வேயின் டபிள்யூஏஎம்-4 மின்சார எஞ்சினில் ஜே1, ஜே2 என்று இரண்டு ரிவர்சர் (ஓடும் திசையை மாற்றும் சுவிட்ச்) உண்டு. டிரம் திரும்பும், விரல்கள் வேறு தொடர்பில் உட்காரும், ஆர்மேச்சருக்கும் அதைச் சுற்றியுள்ள ஃபீல்டு சுருளுக்கும் உள்ள கரண்ட் திசை ஒன்றுக்கொன்று மாறும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதே வேலையை இங்கே கட்டைவிரல் நுனி அளவில் ஒரு டிரம் செய்கிறது. இதுவும் அந்த இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடும் சீரிஸ் மோட்டார்தான். ஏசி-யில் இரண்டிலும் திசை சேர்ந்தே மாறுவதால் சுற்று மாறாது. அதற்காகத்தான் இந்தத் தனி ரிவர்சர். விரல்கள் செம்புத் தகட்டில் மயிரிழைபோல மெல்லியவை. அங்கே ஸ்பேனர் பிடித்த கையால் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன்.

மின்தொடர்பு கிளீனரை இயர்பட்ஸில் தொட்டு டிரம்மையும், காயில் இழுக்கும் கம்பியான பிளஞ்சரின் குழாயையும் சுத்தம் செய்தேன். பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி வந்தது. ஆனாலும் மேசையில் வைத்துப் பார்த்தால் பிளஞ்சர் ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

பிட்ஸ்பர்க் வாசி

எஞ்சினை மேசையில் தலைகீழாக வைத்தா பார்க்கிறீர்கள்? அந்தப் பிளஞ்சருக்கு ஸ்பிரிங் கிடையாது, தன் எடையில்தான் கீழே விழ வேண்டும். நிமிர்த்தி வையுங்கள்.

ஷெட் ஃபிட்டர்

தலைகீழாகத்தான் வைத்திருந்தேன். நிமிர்த்தியதும் டக், டக் என்று படி மாறியது. நேற்று மாலை அந்த அம்மாவை அழைத்தோம். கூடத்தில் கம்பளத்தை எடுத்துவிட்டுத் தரையில் வட்டம் போட்டிருந்தோம். முதல் சுற்றில் வளைவுக்கு வளைவு விளக்கு மங்கியது. தண்டவாள இணைப்பு ஊசிகளில் துரு. குறடால் கொஞ்சம் இறுக்கியதும் சரியாகிவிட்டது.

அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. தரைக்கே வந்துவிட்டார். வண்டி இரண்டு சுற்று போனதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி கரண்ட் கொடுத்தால் வண்டி நடுநிலைக்குப் போய் நின்றது. இன்னொரு முறை கொடுத்தோம், பின்னால் போனது. அவர் தலையை ஆட்டிவிட்டு, அது திரும்ப முன்னால் ஓடும்வரை காத்திருந்து, ஓடத் தொடங்கியதும் பாய்லர் மேல் விரலை வைத்து நெம்புகோலைத் தள்ளினார். கிறிஸ்துமஸ் மரத்தடியில் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது என்று அவர் கணவர் அப்படித்தான் முன்னால் ஓடும் நிலையில் பூட்டி வைப்பாராம். கடைசி வருஷம் அவரால் குனிய முடியாமல் பேரன் எடுத்து வைத்தானாம். நடுநிலையில் பூட்டியது அப்போதுதான் நடந்திருக்கும்.

இந்த செட்டைச் செய்த ஆலை இர்விங்டன், ஹில்சைடு பக்கம் இருந்தது. மகள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். ஒருநாள் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

விசில் மட்டும் இன்னும் கேட்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் விசில் லீவரை அழுத்தினால் வண்டி லேசாக மெதுவாகிறது, விசில் உள்ள டெண்டரில் அசைவே இல்லை.

பிட்ஸ்பர்க் வாசி

டெண்டர் ரிலே டிசி-க்கு மட்டும்தான் இழுக்கும். 1033 டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏசி-யை டிசி-யாக்கும் ரெக்டிஃபயர் தட்டு போயிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு சிலிக்கான் டையோடு போடலாம், எந்தப் பக்கம் திருப்புவது என்று படம் அனுப்புகிறேன். அதற்குமுன் ரிலே முனைகளைத் துடைத்துப் பாருங்கள் ஐயா.

ஷெட் ஃபிட்டர்

சரி. சனிக்கிழமை டெண்டரைத் திறக்கிறேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.