புதுப்பிப்பு: மட்டக்களப்பு கல்லடி வீட்டுக்குச் சின்ன பாட்டு செட் வந்துவிட்டது

ஆளுயர ஸ்பீக்கர் சோடி, தனித்தனி பிரீஅம்ப், பவர்அம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்) எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சின்னதாக எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்: கேஇஎஃப் எல்எஸ்50 என்ற குட்டி ஸ்பீக்கர் சோடி, கூட கிளாஸ் டி வகை அம்ப் ஒன்று.

பெரிய நிம்மதி சூடுதான். பழைய அம்ப் கிளாஸ் ஏ வகை. பாட்டு ஓடாவிட்டாலும் கரண்ட் குடித்துக் கொதிக்கும். கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் அந்த அறையில் இருக்க ஏலாது. கிளாஸ் டியில் வீணாகும் மின்சாரம் சொற்பம். கை வைத்தால் இளஞ்சூடு.

"பாஸ் (அடித்தொனி) போயிடும் மச்சான்" என்றவர்களுக்கு: என் அறை நீளம் 11 அடி, நாலு பக்கமும் சீமெந்துச் சுவர். இந்த நீளத்தில் 50 ஹெர்ட்ஸ் பக்கத்து அடித்தொனி தேங்கி வீங்கும். பழைய செட்டின் பாஸில் பாதி சுவர் போட்டதுதான். எல்எஸ்50 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல இறங்குவதால் அறை தூக்குவதும் இது இறங்குவதும் ஓரளவு சரிக்கட்டிவிடுகிறது. வடமோடிக் கூத்துப் பதிவில் மத்தளத்தின் தொப்பி (தடித்த ஓசை தரும் பக்கம்) மெலிந்துதான் கேட்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் இப்போதுதான் தெளிவு.

சின்னது புது மோஸ்தரும் இல்லை. பிபிசி 1970களில் ஒலிபரப்பு வாகனங்களுக்காக உருவாக்கிய குட்டி எல்எஸ்3/5ஏயை மனதில் வைத்துத்தான் 2012இல் எல்எஸ்50 வந்தது.

அம்ப் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும் வகை ஏன் வேண்டாம் என்று ஒருவர் கேட்டார். இங்கே உப்புக்காற்று. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்ட் ஒன்று பழுதானால் ஸ்பீக்கரையே கொழும்புக்குத் தூக்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கர்கள் அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவருக்கு. அவருடைய ஹால் பெரியது.